கடல்மல்லைத் தலசயனம் எது? — ஒரு யாத்திரையும் ஒரு திருத்தமும்

ஸ்ரீ:

கடல்மல்லைத் தலசயனத்தைப் பற்றி அடியேன் முன்பொரு முறை இவ்விதழில் எழுதியதுண்டு. கரையிலுள்ள பள்ளிகொண்ட திருமேனி ‘ஜலசயனம்’ என்றும், அது ஆழ்வார் பாசுரத்திற்கு இலக்கன்று என்றும், ஊருக்குள் எழுந்தருளியிருக்கும் ஸ்தலசயனப் பெருமாளே பாடல் பெற்றவர் என்றும் அதில் உறுதியாகச் சொல்லியிருந்தேன். என் தகப்பனாரிடம் திண்ணையில் அமர்ந்து பாடம் கேட்ட நாளிலேயே மனத்தில் பதிந்த கருத்து அது. நாற்பதாண்டுகளாகப் பாடம் கேட்க வந்த பிள்ளைகளுக்கும் அவ்வாறே சொல்லிவந்தேன். அண்மையில் வாய்த்த ஒருநாள் யாத்திரை அக்கருத்தை மறுபடியும் எடுத்து ஆராயச் செய்தது. ஆராய்ந்ததில், முன் எழுதியதைத் திருத்த வேண்டும் என்ற முடிவுக்கே வந்திருக்கிறேன். பிழை என்று தெரிந்த பின்னும் அதைக் காத்து நிற்பது ஆசார்ய பக்தி ஆகாது. ஆகவே இக்கட்டுரை.

யாத்திரை வழி

திருவல்லிக்கேணியிலிருந்து விடியற்காலையில் புறப்பட்டு, திருநீர்மலை, திருவிடவெந்தை, கடல்மல்லை ஆகிய மூன்று திவ்யதேசங்களையும் மல்லையின் பல்லவர் கற்றளிகளையும் ஒரே பகலில் காட்டித் திரும்ப அழைத்துவரும் ஏற்பாடு அது. வேனில் பன்னிருவர் இருந்தோம். விளக்கிச் சொல்ல ஓர் இளைஞரும் உடன் வந்தார்.

வண்டி ஏறியவுடன் அடியேனுக்குத் தோன்றியது, இவ்வழி புதிதன்று என்பதே. பெரிய திருமொழியின் அடைவைப் பாருங்கள். முதற்பத்தின் இறுதியிலும் இரண்டாம் பத்தின் தொடக்கத்திலும் திருவேங்கடம்; அதன்பின் திருவெவ்வுள்; மூன்றாம் திருமொழி திருவல்லிக்கேணி; நான்காவது திருநீர்மலை; ஐந்தும் ஆறும் கடல்மல்லை; ஏழாவது திருவிடவெந்தை; எட்டிலும் ஒன்பதிலும் கச்சியின் அட்டபுயகரமும் பரமேச்சுர விண்ணகரமும். திருவேங்கட மலையிலிருந்து இறங்கி, தொண்டைநாட்டுக் கரையோரம் நடந்து, மேற்கே காஞ்சிக்குத் திரும்பும் ஒருவருடைய அடிச்சுவடு போலவே இவ்வடைவு அமைந்திருக்கிறது. எங்கள் வண்டி மல்லையையும் இடவெந்தையையும் மட்டும் முன்பின்னாக மாற்றிக்கொண்டது. மற்றபடி ஆழ்வாரே எங்களுக்கு முன்சென்ற வழிகாட்டி.

இவ்வடைவைச் சொல்வதற்குக் காரணம் உண்டு. வழியோடு அமைந்த பாசுரங்கள் பொதுவாக நேரே கண்டு ஸேவித்த அனுபவத்தைத் தாங்கியவை. திருநீர்மலையில் எம்பெருமான் நின்றும் இருந்தும் கிடந்தும் நடந்தும் நான்கு நிலைகளில் எழுந்தருளியிருப்பதை ஆழ்வார் பாட, இன்றும் அந்நான்கையும் மலையடிவாரத்திலும் மலைமேலும் ஸேவிக்கிறோம். திருவிடவெந்தையில், அகிலவல்லி நாச்சியாரை ஏந்திய வராஹப் பெருமானின் ஸந்நிதியில், ஆழ்வார் தாமான தன்மையை விட்டுத் தாய் பேச்சாகப் பேசுகிறார். மகளின் நிலையைச் சொல்லி எம்பெருமானின் திருவுள்ளம் யாது என்று வினவுகிறார். நாள்தோறும் ஒரு கன்னிகையை மணந்ததாகத் தலபுராணம் கூறும் நித்ய கல்யாணப் பெருமாளிடம் மகளைப் பெற்ற தாய் வந்து நிற்பது எவ்வளவு பொருந்துகிறது! எனவே கடல்மல்லைப் பதிகங்கள் இரண்டையும் படிக்கும்போதும், அங்கே ஆழ்வார் எதைக் கண்டார் என்று கேட்பது தகாத கேள்வி அன்று.

கரையில் எழுந்த வினா

மல்லையை அடைந்தபோது வெயில் ஏறியிருந்தது. முதலில் ஊர்க்கோயிலில் ஸ்தலசயனப் பெருமாளையும் நிலமங்கை நாச்சியாரையும், பூதத்தாழ்வாரையும் ஸேவித்தோம். இவ்வூரே பூதத்தாழ்வாரின் அவதார ஸ்தலம். ஐப்பசி அவிட்டம் திருநக்ஷத்திரம். இரண்டாந் திருவந்தாதியில் எம்பெருமான் உகந்த இடங்களை அடுக்கும்போது தம் மல்லையையும் அவர் சேர்த்தே சொல்லியிருக்கிறார்.

பின்னர்க் கடற்கரைக்குச் சென்றோம். அங்கே இளைஞர் சொன்ன செய்திகளில் சரியானவையும் திருத்த வேண்டியவையும் கலந்திருந்தன. மாமல்லன் கட்டிய கோயில் என்றார். அவ்வூருக்குப் பெயர் தந்தவன் ஏழாம் நூற்றாண்டின் முதலாம் நரஸிம்ஹவர்மனாகிய மாமல்லன் என்பது மெய்யே. ஆயினும் கரையிலுள்ள கற்றளி, எட்டாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஆண்ட ராஜஸிம்ஹன் எனப்படும் இரண்டாம் நரஸிம்ஹவர்மன் எடுப்பித்தது. ஏழு கோயில்கள் இருந்தன, ஆறு கடலுள் போயின என்றும் சொன்னார். ஐரோப்பிய மாலுமிகள் இவ்வூரை ‘ஏழு பகோடாக்கள்’ என்று அழைத்ததும், வில்லியம் சேம்பர்ஸ் என்பவர் 1788-இல் அச்சான தம் கட்டுரையில் ஊரார் வாய்வழிச் செய்தியாக மூழ்கிய கோயில்களைக் குறித்ததும் உண்மை. 2002-இல் கடலியல் ஆய்வாளர்கள் கரைக்கு அப்பால் 5 முதல் 8 மீட்டர் ஆழத்தில் சுவர்ப்பகுதிகளையும் அறுத்த கற்களையும் கண்டனர். 2004 டிசம்பர் 26-ஆம் நாள் ஆழிப்பேரலை வந்தபோது கடல் பின்வாங்க, மணலில் புதைந்த பாறைச் சிற்பங்கள் சில வெளிப்பட்டன. அதன் தொடர்ச்சியாகச் சாளுவன்குப்பத்தில் கல்வெட்டொன்றின் துணையால் செங்கல் அடித்தளமுடைய முருகன் கோயில் ஒன்றும் அகழ்ந்தெடுக்கப்பட்டது. கடல் கொண்டது உண்டு. ஆனால் ஏழு என்ற எண்ணுக்கு அவற்றில் சான்றில்லை.

இவையெல்லாம் சிறு செய்திகள். இரு சிவன் ஸந்நிதிகளுக்கு நடுவே இருக்கும் சிற்றறையைக் காட்டி, “இதில் விஷ்ணு படுத்திருக்கிறார், ஆனால் இது செத்துப்போன கோயில், பூஜை கிடையாது, சாமி ஊருக்குள் போய்விட்டார்” என்று அவர் சொன்னபோதுதான் எங்களுடன் வந்திருந்த ஒரு மூதாட்டி திடுக்கிட்டார். கையில் கொண்டுவந்திருந்த துளஸியை என்ன செய்வதென்று தெரியாமல் என்னைப் பார்த்து, “ஸ்வாமி, இவரை ஸேவிக்கலாமா, கூடாதா? ஆழ்வார் பாடினவர் இவரா, அவரா?” என்று கேட்டார். முன்பு எழுதியதையே சொல்ல வாய் திறந்தேன். அவ்வறையில் கிடந்த திருமேனியைப் பார்த்தேன், சொல் எழவில்லை. “வீட்டுக்குப் போய்ப் பார்த்துச் சொல்கிறேன், அம்மா” என்று மட்டும் கூறினேன்.

அந்த அம்மைக்கு நான் கடன்பட்ட விடையே இனி வருவது.

தலமும் ஜலமும்

என் பழைய வாதத்தின் வேர், பெயரில் இருந்தது. கரையிலிருப்பது ஜலசயனம், ஊரிலிருப்பது ஸ்தலசயனம் என இரண்டாகப் பிரித்து, ஆழ்வார் ‘தலசயனம்’ என்றே அருளியிருப்பதால் அது ஊர்க்கோயிலையே குறிக்கும் என்பது வாதம். தமிழில் ஜலம் சலமாகுமேயன்றித் தலமாகாது. ஆகவே ஆழ்வார் சொன்னது ஸ்தலத்தையே என்பதில் இப்போதும் ஐயமில்லை. ஆனால் அதிலிருந்து ஊர்க்கோயில் என்ற முடிவு எப்படிப் பிறக்கிறது? இவ்விரு பெயர்களும் ஒன்றுக்கொன்று எதிராக நின்று இரு கோயில்களைக் குறிக்க வேண்டுமானால், முதலில் அங்கே இரு கோயில்கள் இருந்திருக்க வேண்டும். ஆழ்வாரோ இருபது பாசுரங்களிலும் ஒரே தலசயனத்தையே அறிவார். ஒன்றே இருந்த காலத்தில் அதைத் தலசயனம் என்றழைப்பதற்கும், இரண்டான பின்பு கடலோரத்ததை வேறுபடுத்த ஜலசயனம் என்றழைப்பதற்கும் தடையில்லை. பிற்காலத்து வேறுபாட்டை முற்காலத்துப் பாசுரத்துள் ஏற்றியதே நான் செய்த பிழை.

மேலும், கரையிலுள்ள திருமேனி கொண்டுவந்து வைத்த சிலை அன்று. அது அங்கேயே பூமியோடு ஒன்றியிருக்கும் இயற்கைப் பாறையில் செதுக்கப்பட்டது. இருபுறத்துச் சிவன் ஸந்நிதிகளோ வெட்டிய கற்களை அடுக்கிக் கட்டியவை. தரையையே படுக்கையாகக் கொண்டு கிடப்பவர் என்ற பொருளில் தலசயனம் என்னும் திருநாமம், ஜலசயனம் என்று நாம் ஒதுக்கிய இத்திருமேனிக்கே எழுத்துக்கு எழுத்து பொருந்துகிறது. திருப்பாற்கடலையும் அரவணையையும் விட்டு வெறுந்தரையில் கிடந்தான் என்று நம் பெரியோர் ஸௌலப்ய குணத்தை அனுபவிக்கும் இடம் இது. அக்குணத்திற்கு அப்பாறையைவிட நேரான சாட்சி வேறு ஏது?

தண்டியின் சாட்சி

வடமொழியும் தென்மொழியும் சேரக் கற்பதன் பயன் இத்தகைய இடங்களில் தெரியும். காவ்யாதர்சம் இயற்றிய தண்டி, காஞ்சியில் பல்லவர் ஆதரவில் வாழ்ந்தவர். அவருடைய காலம் ஏழாம் நூற்றாண்டின் இறுதியும் எட்டாம் நூற்றாண்டின் தொடக்கமுமாகும். அவரது அவந்திஸுந்தரீகதை முழுமையாகக் கிடைக்கவில்லை. கிடைத்த பகுதி முதன்முதலில் 1924-இல் அச்சேறியது. அதன் தொடக்கத்தில் தண்டி தம் வரலாற்றையே சொல்கிறார். லலிதாலயன் என்னும் ஸ்தபதி அவரிடம் வந்து, மாமல்லபுரத்தில் பள்ளிகொண்ட திருமாலின் கை ஒன்று முறிந்திருந்ததைத் தான் இணைத்திருப்பதாகவும், அது சரியாக அமைந்ததா என்று வந்து பார்க்க வேண்டும் என்றும் வேண்டுகிறான். தண்டி நண்பர்களோடு செல்கிறார். அலைகள் வந்து திருவடியைத் தொடும் இடத்தில் கிடக்கும் அத்திருமேனியைக் காண்கிறார். இணைப்பு எங்கே என்று தெரியாதபடி அமைந்திருப்பதைக் கண்டு வியக்கிறார். அப்போது கடலலை ஒன்று செந்தாமரை மலரொன்றைக் கொணர்ந்து திருவடியில் சேர்க்க, அது திவ்யபுருஷனாக மாறி வணங்கி வானேறுகிறது. அவ்வியப்பிலிருந்தே கதை தொடங்குகிறது.

இது கதையின் முகப்பு என்பதால் தாமரை மாறிய அற்புதத்தை வரலாறாகக் கொள்ள வேண்டியதில்லை. ஆனால் காஞ்சியில் இருந்த தம் வாசகர் நன்கு அறிந்த ஓர் இடத்தைப் பற்றித் தண்டி எழுதுகிறார். அவர் தரும் செய்திகள் மூன்று: மல்லையில் பள்ளிகொண்ட திருமால் இருந்தார், அலை திருவடியைத் தொடும் அளவுக்குக் கடலோரத்தில் இருந்தார், முறிந்து செப்பனிடப்படும் அளவுக்கு அன்றே பழையவராயிருந்தார். ராஜஸிம்ஹன் இருபுறமும் சிவாலயம் எடுத்தது, முன்பே புகழ்பெற்றிருந்த பள்ளிகொண்டானை நடுவில் வைத்தே என்று கொள்வதற்கு இது பெருந்துணை.

இங்கே இன்னொன்றும் கவனிக்கத்தக்கது. ஊர்க்கோயில் தலபுராணத்தில், தாமரை மலர்களைத் திருப்பாற்கடல் நாதனின் திருவடியில் இட ஆசைப்பட்டுக் கடல்நீரைக் கையால் இறைக்கத் தொடங்கினார் ஒரு மஹர்ஷி. அவர் திருநாமமே புண்டரீகர், அதாவது தாமரை. எம்பெருமான் முதியவராக வந்து, பசிக்கு உணவு கேட்டு அவரை அனுப்பிவிட்டு, அவர் திரும்பி வருமுன் அம்மலர்களைத் தாமே சூடிக்கொண்டு தரையில் பள்ளிகொண்டான் என்பது வரலாறு. தண்டியிடமும் கடல், தாமரை, திருவடி; தலபுராணத்திலும் கடல், தாமரை, திருவடி. ஒன்று மற்றதைப் பார்த்து எழுந்தது என்று சாதிக்க அடியேனுக்கு எண்ணமில்லை. ஒரே கரையில், ஒரே பள்ளிகொண்டானைச் சுற்றி, ஒரே நினைவு இரு மொழிகளில் வாழ்ந்திருக்கிறது என்பதே தோன்றுகிறது. ஊர்க்கோயிலின் தலபுராணம் தன்னை அறியாமலே கரையை நினைவுகூர்கிறது.

கல்வெட்டும் பாசுரமும்

கல்வெட்டுகளும் இதற்கு மாறாக இல்லை. நடுவிலுள்ள ஸந்நிதி ‘நரபதிஸிம்ஹ பல்லவ விஷ்ணுக்ருஹம்’ என்று பல்லவர் காலத்திலேயே பெயர் பெற்றது. முதலாம் ராஜராஜனின் 25-ஆம் ஆட்சியாண்டில், ஏறத்தாழ 1010-இல், ஆமூர்க் கோட்டத்து மாமல்லபுரத்து ஊரார் நிலங்களைப் பற்றிச் செய்த ஏற்பாட்டைச் சொல்லும் கல்வெட்டுக் கரைக்கோயிலில் உள்ளது. அங்குள்ள மூன்று தெய்வங்களும் க்ஷத்ரியஸிம்ஹ பல்லவேச்வரர், ராஜஸிம்ஹ பல்லவேச்வரர், பள்ளிகொண்டருளிய தேவர் எனச் சோழர் காலத்தில் வழங்கப்பட்டனர். கட்டட நுட்பம் காட்ட வந்த கல்வெட்டன்று அது. ஊரார் அன்றாட நிலக்கணக்கோடு தொடர்புடையது. அதாவது, பதினோராம் நூற்றாண்டின் தொடக்கத்திலும் ஊராருக்குப் பள்ளிகொண்டருளிய தேவர் கரையில்தான் இருந்தார். இன்று நாம் ஊருக்குள் காணும் கோயிலின் கட்டுமானத்தில் பெரும்பகுதி விஜயநகர காலத்துப் பாணியைச் சேர்ந்தது.

இனிப் பாசுரம். இரண்டாம் பத்தின் ஆறாந் திருமொழியில், பொற்குவியல்களையும் துதிக்கை யானைகளையும் நவமணிகளையும் சுமந்து பாரத்தால் தாழ்ந்து செல்லும் மரக்கலங்களை ஆழ்வார் காட்டுகிறார். துறைமுகம் கண்முன் தெரியும் இடத்திலிருந்து பாடியது அது. அதே திருமொழியின் ஒன்பதாம் பாசுரம் இன்னும் நெருங்கியது. இடுகாட்டில் ஆடும் பிஞ்ஞகனோடு இணங்கியவனாய்த் திருச்சக்கரம் ஏந்திய எம்பெருமானுக்கு இடம் இம்மல்லை என்கிறார். இருபுறமும் சிவன் கோயில் கொண்டிருக்க நடுவில் திருமால் பள்ளிகொண்ட இடம் என்று ஆராய்ச்சியாளர் இதற்குப் பொருள் காண்பர்.

இதற்கு மறுப்பு ஒன்று உண்டு. அதை மறைப்பது நேர்மையாகாது. திரிபுரம் எரித்தவனுக்கு எம்பெருமான் தன் திருமேனியின் வலப்பாகத்தில் இடம் தந்திருப்பதை நம்மாழ்வார் திருவாய்மொழியில் அருளினார். பேயாழ்வார் திருமலையில் சடையையும் முடியையும் ஒருங்கே கண்டார். அவ்வண்ணமே இங்கும் ருத்ரனுக்கு இடங்கொடுத்த சீலகுணத்தைச் சொன்னதாகக் கொள்ளலாமே; கட்டட அமைப்பைச் சொன்னதாக ஏன் கொள்ள வேண்டும்? நல்ல மறுப்பு. இப்பாசுரம் ஒன்றை மட்டும் வைத்து முடிவு கட்டினால் இம்மறுப்பு வெல்லும். ஆனால் பெயரும் பாறையும் தண்டியும் கல்வெட்டும் ஒரே திசையைக் காட்டி நிற்கும்போது, பாசுரம் அவற்றோடு பொருந்துகிறதா என்பதே வினா. பொருந்துகிறது, மிகவும் பொருந்துகிறது. குணத்தைச் சொல்வதும் கண்டதைச் சொல்வதும் ஒன்றையொன்று விலக்குவன அல்ல. அந்தச் சீலத்தை ஆழ்வார் கண்ணாலும் கண்ட இடம் இது என்று கொள்வதால் பொருள் பெருகுமேயன்றிக் குறையாது.

காலக்கணக்கைப் பற்றி ஒரு சொல். குருபரம்பரை ஆழ்வாரின் அவதாரத்தைக் கலியுகத் தொடக்கத்தை ஒட்டி வைக்கிறது. பரமேச்சுர விண்ணகரப் பதிகத்தில் வரும் பல்லவனை எட்டாம் நூற்றாண்டின் நந்திவர்மனாகக் கொண்டு வரலாற்றாசிரியர் ஆழ்வாரை அக்காலத்தில் வைக்கின்றனர். கரைக்கோயிலைப் பற்றிய மேற்கண்ட வாதத்தில் இருபுறச் சிவாலயங்கள் பற்றிய பகுதி இரண்டாவது கணக்கையே சார்ந்தது. முதற்கணக்கை ஏற்பவர்க்கும் பாறையில் கிடந்தவர் பற்றிய பகுதி அப்படியே நிற்கும்.

வியாக்யானம் இவ்வினாவைத் தீர்க்காதா என்று வாசகர் கேட்கலாம். நம்பிள்ளையின் திருவடி ஸம்பந்தம் பெற்ற பெரியவாச்சான் பிள்ளையின் நோக்கு, எந்தச் சுவருக்குள் என்பதில் அன்று. எந்தக் குணத்தில் ஆழ்வார் ஈடுபட்டார் என்பதில். நாம்தான் நம் ஊர் வழக்கை வியாக்யானத்தின் தலையில் ஏற்றி, அது ஆசார்யர்களின் தீர்ப்பு என்று சொல்லிவந்தோம். நான் அவ்வாறு சொன்னவர்களில் ஒருவன்.

ராமாநுஜ மண்டபத்தில்

கரையிலிருந்து திரும்பும் வழியில் குன்றின் மேலுள்ள ஒரு குடைவரைக்குச் சென்றோம். ராமாநுஜ மண்டபம் என்பது அதன் இன்றைய பெயர். பல்லவர் அதைச் சிவனுக்காகக் குடைந்தனர். உள்ளே சுவரில் இருந்த சிற்பத் தொகுதிகள் பிற்காலத்தில் உளியால் கொத்தி அழிக்கப்பட்டிருக்கின்றன. உருவங்களின் விளிம்பு மட்டும் நிழல்போல் தெரிகிறது. சங்கு சக்கரச் சின்னங்களும் பொறிக்கப்பட்டிருக்கின்றன. தரையிலோ, ருத்ரனை நெஞ்சில் கொள்ளாதவரை நிந்திக்கும் பல்லவர் காலத்து ஸம்ஸ்க்ருத ச்லோகம் ஒன்று அழியாமல் இருக்கிறது. ஒரு பக்கத்துச் சாபமும் மறுபக்கத்து உளியும் ஒரே அறையில்.

இளைஞர் இதைச் சொல்லத் தயங்கினார். எங்கள் நெற்றியைப் பார்த்துத் தயங்கியிருக்கக்கூடும். “தயங்காமல் சொல்லுங்கள் தம்பி, நடந்தது நடந்ததுதான்” என்றேன். பிஞ்ஞகனோடு இணங்கியவன் என்று எம்பெருமானைப் பாடிய ஆழ்வாரின் ஊரில், அவ்வாழ்வாரின் அருளிச்செயலை உயிராகப் போற்றிய எம்பெருமானாரின் திருநாமத்தைச் சூட்டி, பிஞ்ஞகனின் உருவத்தை யாரோ கொத்தியிருக்கிறார்கள். இதற்கும் அவ்வாசார்யருக்கும் தொடர்பு காட்டச் சான்றில்லை. ஆயினும் அவர் பெயரால் அது நிற்கிறது என்பது நம்மை வருத்த வேண்டும். பாசுரத்தைப் படித்தவன் கையில் அவ்வுளி இருந்திருக்காது.

ஊரா, கரையா?

அப்படியானால் ஊர்க்கோயில் பெருமாள் பாடல் பெற்றவர் அல்லரா? கரையிலுள்ளவரே ஆழ்வார் கண்டவர் என்றால், தலைமுறை தலைமுறையாக அர்ச்சித்துவரும் ஊர்க்கோயில் கைங்கர்யபரர்களின் நம்பிக்கை வீணா? இவ்வச்சமே, என் தகப்பனாரையும் என்னையும் இத்தனை காலம் இக்கேள்வியைக் கேட்கவிடாமல் தடுத்தது என்று இப்போது நினைக்கிறேன்.

அச்சத்திற்கு இடமில்லை. திருவரங்கத்தில் 1323-இல் கலாபம் நேர்ந்தபோது நம்பெருமாள் ஊரைவிட்டெழுந்தருளி, ஏறத்தாழ அரை நூற்றாண்டு காலம் காடும் மலையும் கடந்து, 1371-இல் திரும்பினார். அவர் எழுந்தருளியிருந்த இடமெல்லாம் அவருக்குத் திருவரங்கமாகவே இருந்தது. எம்பெருமான் அர்ச்சையாய்த் தன்னை அடியார்க்கு ஆக்கிவைத்தபின், அடியார்கள் எங்கே வைத்து ஆராதிக்கிறார்களோ அங்கே இருக்க இசைகிறான். கடல் நெருங்கி வந்த காலத்தில் ஊரார் தங்கள் தலசயனத்தை ஊருக்குள் எழுந்தருளப் பண்ணினார்கள் என்றால், அது பாசுரத்தை விட்டுச் சென்றதன்று; பாசுரத்தை எடுத்துச் சென்றது. ஆழ்வார் கண்ட திருமேனி கரையில் கிடப்பது. ஆழ்வார் பாசுரத்தின் ஆராதனை தொடர்வது ஊரில். முன்னது மூலம், பின்னது பரம்பரை. ஒன்றை ஏற்பதற்கு மற்றதை மறுக்க வேண்டிய நிர்ப்பந்தம் நாமாக உண்டாக்கிக்கொண்டது.

மாசி மகத்தன்று ஊர்க்கோயில் உத்ஸவர் உலகுய்ய நின்றான் தீர்த்தவாரிக்காக இக்கரைக்கே எழுந்தருள்கிறார். அதே பௌர்ணமியில் இருளர் மக்கள் பல ஊர்களிலிருந்தும் வந்து, இம்மணலில் குடில் கட்டித் தங்கித் தங்கள் கன்னியம்மனை வழிபடுகிறார்கள். ஆண்டுக்கு ஒருமுறை பரம்பரை தன் மூலத்தின் பக்கத்தில் வந்து நிற்கிறது. இத்தனை ஆண்டுகள் அத்தீர்த்தவாரியைக் கண்டும் அதன் பொருள் அடியேனுக்கு எட்டவில்லை.

இரு கடல்மல்லைப் பதிகங்களுக்கும் உள்ள வேறுபாட்டைச் சொல்லி முடிக்கிறேன். முதற்பதிகத்தில் ஆழ்வார் எம்பெருமானைத் தலசயனத்தே கண்டதைச் சொல்லிச் சொல்லிக் களிக்கிறார். இரண்டாவதில் பேச்சு மாறுகிறது. எம்பெருமானை நினைப்பவர் யாரோ, வலம் வருபவர் யாரோ, வணங்கும் உள்ளம் உடையவர் யாரோ, அவர்களுக்கு ஆட்படும்படி தம் நெஞ்சை ஏவுகிறார். பகவானைக் கண்ட பின் பாகவதர்க்கு அடிமை. நம் ஸித்தாந்தத்தின் எல்லைநிலம் இந்தக் கடற்கரையில் பாடப்பட்டது. பிஞ்ஞகனைச் சொல்லும் அந்த ஒன்பதாம் பாசுரமும் வணங்கும் உள்ளத்தாரை வணங்கும்படி நெஞ்சுக்குக் கட்டளையிட்டே முடிகிறது.

கரைக்கோயில் தொல்லியல் துறையின் காப்பில் உள்ளது. 1984 முதல் உலகப் பாரம்பரியச் சின்னமாகவும் இருக்கிறது. அங்கே விளக்கேற்றவோ மலர் சாத்தவோ வழியில்லை. அவ்வொழுங்கைக் கெடுக்குமாறு யாரையும் தூண்ட அடியேன் எழுதவில்லை. உப்புக்காற்றில் தேய்ந்துகொண்டிருக்கும் அத்திருமேனிக்கு அக்காப்பு இன்றியமையாதது. ஆனால் வணங்குவதற்கு நெஞ்சு போதும். மல்லைக்கு யாத்திரையாகச் செல்லும் நம் கோஷ்டியினர், ஊர்க்கோயிலில் ஸேவித்தபின் வண்டி ஏறிவிடாமல், கரைக்கும் சென்று நின்று இருபது பாசுரங்களையும் மனத்துக்குள் அநுஸந்திக்க வேண்டும் என்பதே விண்ணப்பம். வழிகாட்டிகளாக இருக்கும் பிள்ளைகளுக்கும் ஒன்று சொல்வேன்: பூஜை நின்ற கோயில் என்று சொல்லுங்கள், அது உண்மை, செத்த கோயில் என்று சொல்லாதீர்கள்.

அந்த அம்மைக்குத் தபாலட்டையில் விடை எழுதிவிட்டேன்: “ஆழ்வார் கண்டவர் அவர்தான். ஸேவிக்கலாம். அன்று அறைவாசலில் நின்று கைகூப்பினீர்களே, அதுவே போதும்.” அவர் ஸேவித்ததை அன்று நான் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். அடியேன் ஸேவிக்காமல் திரும்பினேன். வரும் மாசி மகத்திற்கு மறுபடியும் போக எண்ணம்.

ஆழ்வார் திருவடிகளே சரணம்.